வெளுத்துக் கொடுத்த இறகுகள்

பினாங்கிலிருந்து சேலத்துக்கு நான் வந்தது பத்து இறகுகளுக்காக. கோயில் பார்க்க அல்ல, புடவை எடுக்க அல்ல. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரியிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இறகுக்கா? உங்க ஊர்ல கோழி இல்லையா?" என்றார். இருக்கிறது என்றேன். முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். சீனர்கள் சூப்பு வைத்துக் குடிக்கும் பறவைக்கூட்டில் கலப்படம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. கூட்டில் ஒட்டியிருக்கும் துளி இறகிலிருந்து மரபணுவைப் பிரித்து, இது இன்ன பறவை என்று சொல்லிவிடுவோம். அப்படிப் பழகிய கை என்பதால், அழிந்துவரும் பறவைகளைப் பற்றி ஆராய்கிறவர்களும் பழைய இறகுகளோடு எங்களைத் தேடி வருவார்கள். அதில் காசு கிடையாது. ஆனால் எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

பிணந்தின்னிக் கழுகு எங்கள் மலேசியாவின் வட பகுதியிலும் ஒரு காலத்தில் இருந்தது. இன்று இல்லை. தமிழ்நாட்டில் மலைக்காட்டு ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் வட்டமிட்டதெல்லாம் எப்போதோ போய்விட்டது. மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகையும் கொன்றது. இப்போது கழுகுகளைக் கூண்டில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்து வெளியே விடுகிறார்கள். எந்தக் குஞ்சை எந்த ஊர் வானத்தில் விடுவது என்பதுதான் கேள்வி. வட இந்தியக் கழுகும் இந்தச் சமவெளிக் கழுகும் ஒரே கிளையா, வேறு வேறா? மரபணுவில் சில இடங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். மரபணுக் குறியீடு என்று அதைச் சொல்வோம். அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்ப்பதற்குச் சமவெளிக் கழுகின் ஒரு துணுக்குகூட யாரிடமும் இல்லை.

இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் பறவை பார்ப்பவர்களின் குழுவில் ஒரு படம் வந்தது. எடப்பாடியில் ஒரு விசைத்தறி. அதன் பல்சக்கரத்துக்கு ஒருவர் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். கையில் முழங்கை நீளத்துக்குக் கறுத்த இறகு. "எங்கப்பா இதுலதான் எண்ணெ போடுவாரு. இது என்ன பறவை?" என்று அவர் மகள் கேட்டிருந்தாள். நான் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த அப்பா பெயர் கந்தசாமி. தொலைபேசியில் பேசினேன். "பத்து இருக்குதுங்க. எங்கப்பா காலத்துல ஏரிக்கரைல மாடு கெடந்தா வந்து எறங்குமுங்க. அப்பப் பொறுக்கியாந்தது. கோழி எறகு நாலு நாள்ல நைஞ்சுபோயிருமுங்க. இது அப்பிடியே நிக்கும்" என்றார். எதையும் தொடாதீர்கள், அப்படியே வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டு மாதம் அனுமதிக் காகிதங்களுக்கு அலைந்ததில் அந்த ஒரு வாக்கியம் எப்படியோ விட்டுப்போனது. இறகை நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போக முடியாது. நாமக்கல்லில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, வரும் முடிவைத்தான் நான் கொண்டுபோக வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு.

முதல் நாள். சேலத்தின் வெயில் எங்கள் ஊர் வெயில் போல வியர்க்க வைக்கவில்லை. வறுத்தது. எனக்குக் கார் ஓட்ட வந்தவர் காதர், சேலம் கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். வாய் ஓய்ந்தால் ஹார்ன் அடிப்பார், ஹார்ன் ஓய்ந்தால் பேசுவார். மதியமே எடப்பாடிக்கு வருவதாகக் கந்தசாமியிடம் சொல்லியிருந்தேன். காதர் கேட்டார், "பறவ ஆராய்ச்சியாக்கா? அப்ப பனமரத்துப்பட்டி ஏரிய பாக்காம போவீங்களா? சின்ன வயசுல பாத்திருக்கேன், அவ்ளோ கொக்கு, நார."

எனக்கு இந்த மாதிரி யாராவது சொன்னால் போதும். உடனே கந்தசாமியைக் கூப்பிட்டு, நாளைக் காலை வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

"அதுக்கென்னங்க, மெதுவா வாங்க. எனக்கும் ஒரு நாள் கெடச்சா நல்லதுதானுங்க. கொஞ்சம் வேல கெடக்குது" என்றார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் வேலையை விசாரிப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். இன்றைக்கு நினைத்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக்கருவேலம். காதர் இறங்கி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஏரியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டது போல நாலு பக்கமும் பார்த்தார். இரண்டு உண்ணிக்கொக்கும் ஒரு காக்கையும் இருந்தன. திரும்பும்போது கருவேல முள் டயரில் ஏறியது. மாற்று டயரிலும் காற்று இல்லை. பஞ்சர் கடைக்காரர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை வேலியோரத்து நிழலில் உட்கார்ந்து காதரின் கல்யாணக் கதையைக் கேட்டேன். நல்ல கதைதான். ஆனாலும் அது அன்று கேட்க வேண்டிய கதை இல்லை.

சாயங்காலம் சேலத்தில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து காதர் சமாதானம் செய்தார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்து, காரச் சட்னி ஒரு பக்கம், புதினாச் சட்னி ஒரு பக்கம். வாய்க்குள் வைத்தால் மொறுமொறுவென்று உடைந்து மூக்கில் காரம் ஏறுகிறது. பினாங்கில் இரவுச் சந்தையில் கிடைக்காத தீனி இல்லை என்று பெருமையடிப்போம். இது இல்லை. நான் மூன்று செட் தின்றேன். அந்த நேரத்தில் எடப்பாடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் காலை எடப்பாடி. தெருவுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம். சடக், சடக் என்று வீட்டுக்கு வீடு. காரை நிறுத்திய பிறகும் காதர் கத்தித்தான் பேசினார். கந்தசாமி வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயது, மடித்துக் கட்டிய வேட்டி, கைவிரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது. "வாங்க வாங்க. ஊடு கண்டுபிடிக்கச் செரமமாப் போச்சுங்களா?" என்றார். முன்பக்கம் வீடு, நடுவில் நான்கு தறி, பின்பக்கம் நூல் வெளுக்கும் சலவைப்பட்டறை. அக்கம்பக்கத்துத் தறிகளுக்கெல்லாம் நூல் இங்கேதான் வெளுக்கிறது.

அவர் மனைவி சரோஜா தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, வாழைப்பழம், குங்குமம். நடுவில் புதுத் துண்டை விரித்து, அதன் மேல் வரிசையாக ஒன்பது இறகு.

வெள்ளை வெளேரென்று இருந்தன.

குனிவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அந்த வாசனையை நான் தூக்கத்திலும் சொல்வேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் தினமும் வேலை முடிந்ததும் மேசையை பிளீச்சிங் தண்ணீரால் துடைப்போம். முந்தின பறவையின் மரபணு ஒரு பொட்டுகூட மேசையில் மிஞ்சக் கூடாது என்பதற்காக. மரபணுவை அழிக்க உலகத்தில் அதைவிட நல்ல மருந்து கிடையாது.

"பிளீச்சிங்கில் போட்டீர்களா?" என்று கேட்டேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தறிச் சத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. முப்பது வருசத்து எண்ணெயுங்க, கரேர்னு பிசுபிசுன்னு. அதப்போயி கடல் தாண்டி வாரவங்க கையில குடுக்கறதுங்களா? நேத்து நீங்க வர்லீன்னீங்களா, நல்லதாப் போச்சுன்னு போட்டுட்டேன். மொதல்ல ஒண்ணப் போட்டுப் பாத்தேனுங்க, நெம்ப நேரம் வெச்சுட்டேன், கரஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் பவுடரக் கம்மி பண்ணி, சோப்புல அலசி, மறுக்கா போட்டு, மறுக்கா அலசி, மூணு தடவ. பாருங்க, பஞ்சாட்ட இருக்குது."

ஒரு இறகை எடுத்து அடித்தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பறவையின் உடம்புக்குள் செருகியிருந்த அந்த ஓர் அங்குலம்தான் எனக்கு வேண்டியது. அதற்குள் கடுகளவு காய்ந்த ரத்தம் இருக்கும். நாற்பது வருடம் ஆனாலும் அது பேசும். எண்ணெய் ஏறினால் என்ன, தூசி படிந்தால் என்ன, பேசும். இந்தத் தண்டு கழுவிய கண்ணாடிக் குழாய் போல இருந்தது.

இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரோஜா மெதுவாகக் கேட்டார், "புடிச்சிருக்குதுங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன். "இவ்வளவு சுத்தமாக யாரும் கொடுத்ததில்லை."

அது பொய்கூட இல்லை.

அதன் பிறகு சாப்பாடு. சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினார்கள். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளில் மணியடித்து விற்கும் புத்து மாயம் என்ற இடியாப்பத்துக்கு இது அக்கா முறை. நூல் அதைவிடத் தடிமன், ருசி அதைவிடக் கூடுதல். நான் விழுங்கினேன், ருசிக்கவில்லை. கந்தசாமி பக்கத்தில் உட்கார்ந்து, இதிலிருந்து என்ன கண்டுபிடிப்பீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். குறியீடுகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே, இது எதற்கு இனி என்று இருந்தது. அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அட, நம்ம சேலையாட்டங்களா? கரையப் பாத்தே எந்த ஊருத் தறி, யாரு நெய்ஞ்சதுன்னு சொல்லிப்போடுவோமுங்க" என்றார். ஆமாம், அதேதான் என்றேன். எட்டு மாதம் விளக்கியும் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்குப் புரியாதது இந்த மனிதருக்கு ஒரு வாய் சந்தகைக்குள் புரிந்துவிட்டது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் மூன்றாவது தடவை பரிமாறச் சொன்னார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறியதும் காதர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏன்க்கா மொகம் இப்டி இருக்கு?" சொன்னேன். சங்ககிரி தாண்டும் வரை அவர் ஹார்ன்கூட அடிக்கவில்லை. பிறகு, "அப்ப ஏன்க்கா நல்லா இருக்குன்னீங்க?" என்றார்.

"வேறு என்ன சொல்வது? அவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறார்கள்."

"எங்க வீட்லயும் அப்டித்தான். விருந்துல பிரியாணி உப்பா இருந்தா யாரும் சொல்ல மாட்டாங்க. சூப்பர் மாமி, சூப்பர் மாமிம்பாங்க. அடுத்த பெருநாளுக்கும் அதே உப்புதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் ஏரிக்குக் கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் என்று வாய் வரை வந்துவிட்டது. அதையும் விழுங்கினேன். ஏரிக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டது நான்தான். பாவம், பஞ்சர் காசுகூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள், சேலத்திலிருந்து நாமக்கல். புதுச்சத்திரம் அருகில் ஒரு முட்டை லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. அட்டைத் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வேறு லாரிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு முட்டைகூட உடையவில்லை. பக்கத்தில் கறிக்கோழி வண்டி ஒன்றும் மாட்டிக்கொண்டு நின்றது. காற்றில் வெள்ளைத் தூவி பறந்து எங்கள் கார்க் கண்ணாடியில் ஒட்டியது. கோடிக் கணக்கில் கோழி வளர்க்கிற ஊர். ஒன்பது கழுகு இறகை வைத்துக்கொண்டு நான் அங்கே நுழைகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலைக்குப் பொறுப்பானவர் மாலதி. பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கைச் சுளித்தார். "பிளீச்சிங்ல போட்டாங்களா?" என்றார். தலையாட்டினேன். "சரி, தண்டோட உள்பக்கத்துல ஏதாவது தப்பிச்சிருக்கும். பார்ப்போம்" என்றார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று இருவருக்கும் தெரியும். ஒன்பது தண்டையும் வெட்டிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் காத்திருந்தேன். நாமக்கல்லில் எதைக் கேட்டாலும் முட்டையோடு வந்தது. கலக்கி என்று ஒன்று, அரைவேக்காட்டு முட்டையைக் குழம்போடு கலந்து கல்லில் சுருட்டித் தருகிறார்கள். நாக்கில் வைத்தால் கரைகிறது. இரண்டு வேளையும் அதையே தின்றேன். கவலை வந்தால் எனக்குப் பசி கூடும்.

ஐந்தாம் நாள் காலை மாலதி கூப்பிட்டார். எட்டு இறகில் ஒன்றும் இல்லை. ஒன்றில் மட்டும் குறியீடு கிடைத்தது. கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "கோழிங்க" என்றார் மாலதி. "எங்கயிருந்தாவது ஒட்டியிருக்கும். இந்த ஊர்ல எதுல பார்த்தாலும் கோழி வரும்." அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பையைக் கட்டிக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தேன். அங்கே கந்தசாமி நின்றிருந்தார். சலவை வேட்டி, சட்டைப்பையில் பேருந்துச் சீட்டு, கக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய நீளப் பொட்டலம். அன்று நான் சொல்லியிருந்த விடுதிப் பெயரை வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார்.

"கெளம்பறதுக்குள்ள புடிச்சரலாமுன்னு ஓடியாந்தேனுங்க" என்றார். "அன்னிக்கு நீங்க அத்தன சந்தோசப்பட்டீங்களா, ஊட்டுக்காரி சொன்னா, கொமாரபாளையத்துல என்ர மச்சான் ஊட்டுலயும் ரெண்டு கெடக்குமேன்னு. போய் வாங்கியாந்தேன். அவன் அத எண்ணெய்க்கே தொடலீங்க. கூரை எரவாணத்துல சொருகி வெச்சது அப்பிடியே இருந்துச்சு. அடில சதையே காஞ்சு ஒட்டிக்கிட்டு, பாக்கவே அருவருப்பா. நீங்க பயப்படாதீங்க, சுத்தம் பண்ணிப்போட்டேன்."

செய்தித்தாளைப் பிரித்தார். இரண்டு இறகு. பஞ்சு போல.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்தார். "ஏனுங்கம்மா, வெயில் சேரலீங்களா?" என்றார். இந்த முறையும் நல்லா இருக்குதுங்க என்று சொல்லிப் பேருந்து ஏற்றிவிடலாம். அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். மூன்றாவதாக யார் வீட்டிலாவது ஒன்று இருந்தால் அதையும் கொண்டுவந்து வெளுப்பார்.

சொல்லிவிட்டேன். அடித்தண்டில் என்ன இருக்கும், பிளீச்சிங் அதை என்ன செய்யும், எல்லாம். அந்தச் சதைதான் நான் கடல் தாண்டித் தேடி வந்தது என்பதையும் சொன்னேன்.

நான் சொல்லி முடித்ததும், "அப்ப கரையெல்லாம் போயிருச்சுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு இறகை எடுத்துத் தண்டுப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். இவ்வளவு வருடத்தில் அவருக்கு அந்த வாசனை தெரிந்தே இருக்காது.

"இனி அது வேற எங்கயும் இருக்காதுங்களா?"

"எனக்குத் தெரிந்து இல்லை."

டீ வந்தது. குடிக்காமல் வைத்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் செய்தித்தாளை மறுபடி கவனமாக மடித்து, இரண்டு இறகையும் சுற்றி, என் பக்கம் தள்ளி வைத்தார்.

"பத்து போனது என்ர தப்புங்க" என்றார். "இந்த ரெண்டு, நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா இருந்திருக்குமுங்களே."